கார் ஏசி கம்ப்ரஸர் மாற்றும் வேலை: நாட்குறிப்பு

மே 3
ஏசி போட்டதும் கம்ப்ரஸரை பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்கிறது, ஆனால் காற்றில் குளிர்ச்சி இல்லை. அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினால் லோ பக்கம் (கம்ப்ரஸருக்குள் கேஸ் வரும் பக்கம்) 85, ஹை பக்கம் (அழுத்தி வெளியே தள்ளும் பக்கம்) 110 பிஎஸ்ஐ. லைனில் கேஸ் இருந்தும் இரண்டு முள்ளும் இப்படி நெருங்கி நின்றால் கம்ப்ரஸர் அழுத்தவில்லை என்று பொருள். கிளட்ச் காயில் 3.6 ஓம், சரியான அளவுதான். இன்ஜினை அணைத்து, கிளட்ச் முகப்பைக் கையால் திருப்பினால் உள்ளே கரகரக்கிறது.

மே 4
ஏசி கடையில் ரெக்கவரி மெஷின் வைத்து கேஸ் எடுத்தாயிற்று. நட்டைத் தளர்த்திக் காற்றில் விடுவது பெரும் தவறு: இந்த ஏசி கேஸான ஆர்-134ஏ கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. திரவமாகக் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

பேட்டரி நெகட்டிவ், பெல்ட், இரண்டு பைப், மூன்று போல்ட். கழற்றுவது அவ்வளவே. பைப் வாய்களை உடனே மூட வேண்டும். உள்ளே இருக்கும் கம்ப்ரஸர் ஆயிலான பிஏஜி ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்.

பழைய கம்ப்ரஸரைக் கவிழ்த்ததில் 55 மில்லி ஆயில், கறுப்பாக, வெள்ளித் துகள் மின்ன. இதைப் பார்த்த பிறகு கம்ப்ரஸரை மட்டும் மாற்றுவது பணத்தைக் கொட்டுவதுதான். கண்டென்சரின் (சூடான கேஸை ஆற்றித் திரவமாக்கும் பாகம்) மெல்லிய குழாய்களில் சிக்கிய துகளைக் கழுவி எடுக்க முடியாது. அது புது கம்ப்ரஸரையும் அரைத்துவிடும். ஆகவே கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர், திரவத்தைக் கூலிங் காயிலுக்குள் அளந்து விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வ் மூன்றும் புதிது. பைப்புகளையும் கூலிங் காயிலையும் ஏசி ஃப்ளஷ் ஊற்றிக் கழுவி, நைட்ரஜனால் ஊதி உலர்த்தியாயிற்று. பெட்ரோல் கூடவே கூடாது.

மே 10
முழுதும் கழுவியதால் மேனுவல் சொல்லும் மொத்த அளவும் வேண்டும்: இந்த வண்டிக்கு பிஏஜி 46, 120 மில்லி. புது கம்ப்ரஸருக்குள் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று வடித்து அளந்த பிறகே ஊற்ற வேண்டும். குறைந்தால் ஜாம் ஆகும். கூடினால் கூலிங் காயிலில் தங்கிக் குளிர்ச்சியைக் கெடுக்கும். ஊற்றியபின் கிளட்ச் முகப்பைக் கையால் பத்துச் சுற்று. இல்லாவிட்டால் கம்ப்ரஸரின் அழுத்தும் அறையில் ஆயில் தேங்கும்; அதை அழுத்த முடியாது, வால்வ் தகடு உடையும்.

மூட்டுகளின் ரப்பர் வளையமான ஓ-ரிங் எல்லாம் புதிது, ஆயில் தடவியது. கசிவு பார்க்க நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நீர். காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிப் பார்க்கும் வேக்கம் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. அது சோதிப்பது 15 பிஎஸ்ஐக்கும் குறைவான வித்தியாசத்தை, ஓடும்போது லைனில் இருப்பதோ 200க்கு மேல். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

பிறகு வேக்கம் பம்ப் 45 நிமிடம். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாக இந்த நேரம் தேவை; மிஞ்சினால் எக்ஸ்பேன்ஷன் வால்வில் பனியாக அடைக்கும். பம்பை நிறுத்தி அரை மணி, முள் அசையவில்லை.

மே 11
பானெட் ஸ்டிக்கர் சொல்லும் கேஸ் அளவு 400 கிராம். தராசில் கேனை வைத்து, இன்ஜின் ஓடாமல் பாதி. மீதி இன்ஜின் ஓட, கேனை நிமிர்த்தி, லோ பக்கம் மட்டும். ஓடும்போது ஹை பக்க வால்வைத் திறந்தால் கேன் வெடிக்கும்.

நிழலில் 36 டிகிரி, 1,500 ஆர்பிஎம்: லோ 38, ஹை 230 பிஎஸ்ஐ, வென்ட்டில் 8 டிகிரி. சர்வீஸ் போர்ட் மூடிகளை ரப்பரோடு இறுக்கியாயிற்று. அவை இல்லாவிட்டால் வால்வ் ஊசி வழியே கேஸ் மெல்லக் கசியும்.