ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது? பஸ் விபத்து இழப்பீடு கேட்பவர்களுக்கு

பஸ்ஸில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் கேஷுவல்ட்டியில் ஒரு பதிவேட்டைத் திறந்து எழுதுவார்கள். அதுதான் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், அதன் நகலுக்குத்தான் ஏ.ஆர். காப்பி என்று பெயர். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி, கூட்டிவந்தது யார், எங்கெங்கே காயம்... எல்லாம் சேர்த்து நாலைந்து வரி இருக்கும். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவது அந்த நாலைந்து வரியைத்தான்.

கூட்டிப்போன பக்கத்து வீட்டுக்காரர் பதற்றத்தில் "கீழே விழுந்துட்டாங்க டாக்டர்" என்று சொல்லியிருப்பார். டாக்டரும் அப்படியே எழுதியிருப்பார். பஸ் என்ற வார்த்தையே இருக்காது. அப்புறம் எத்தனை சாட்சி வந்தாலும் "இது வீட்டு வாசலில் வழுக்கி விழுந்த கேஸ்" என்று எதிர்த்தரப்பு வாதாடும். பஸ் நம்பர், தடம், ஏறிய இடம், விபத்து நடந்த இடம் ஆகியவற்றை அன்றைக்கே சொல்லி எழுத வைக்க வேண்டும். பெயரும் முக்கியம். நம் பக்கத்தில் வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதாரில் இருப்பது வேறொன்று. ஆதாரில் உள்ளதையே சொல்லுங்கள்.

இன்னொரு வழக்கம், அடிபட்டதும் நாட்டு வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வது. நாலு நாள் கழித்து வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த நாலு நாள் இடைவெளிக்குக் கோர்ட்டில் விளக்கம் சொல்லவேண்டி வரும். கட்டு எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், பதிவு மட்டும் அரசு மருத்துவமனையில் அன்றே இருக்கட்டும். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கிடையாது. அதில் சிகிச்சை பெற்றதால் இழப்பீட்டு உரிமை போய்விடாது.

டிக்கெட்டை உடனே போனில் படம் எடுத்து வையுங்கள். மெஷின் டிக்கெட் வெயில் பட்டால் வெளுத்துப்போகும், ஆறு மாதத்தில் வெறும் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டும் டிக்கெட்தான். "ஓசியில் போனவர்களுக்கு இழப்பீடா?" என்று யாராவது கேட்டால் காதில் வாங்க வேண்டாம். டிரைவரின் கவனக்குறைவுக்குத்தான் இழப்பீடு, டிக்கெட் விலைக்கு அல்ல. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனவருக்கு மட்டும் அவர் பங்குத் தப்புக்கு ஏற்ற சதவீதத்தைக் கழிப்பார்கள்.

போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு டிரைவரோ கண்டக்டரோ வந்து, "கேஸ் வேணாம், வேலை போயிரும்" என்று கெஞ்சுவதுண்டு. பாவம்தான். ஆனால் இழப்பீடு அவர் பையிலிருந்து போவதில்லை. இரக்கப்பட்டு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மனுப் போட விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் இந்தக் கெடு 1.4.2022 முதல் இருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன என்றாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "பிளேட் எடுத்த பிறகு போட்டுக்கலாம்" என்று காத்திருப்பார்கள், முறிந்த எலும்பில் வைத்த பிளேட்டை எடுக்க ஒன்றரை வருடம் ஆகும். மனுவை முதலில் போட்டுவிடுங்கள். பிளேட் எடுக்க ஆகும் செலவுக்கு டாக்டரிடம் மதிப்பீடு எழுதி வாங்கினால் அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

எங்கே போடுவது? விபத்து கீரனூர் பக்கம் நடந்திருந்தாலும் நீங்கள் பள்ளத்தூர்க்காரர் என்றால் காரைக்குடியிலேயே போடலாம். இந்த மனுக்களை விசாரிக்கும் கோர்ட்டுக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று பெயர், வசிக்கும் இடத்துக்கு உரிய தீர்ப்பாயத்தில் போடவும் சட்டம் அனுமதிக்கிறது. தனியார் பஸ் என்றால் உரிமையாளரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் எதிர்மனுதாரர்கள். அரசு பஸ்ஸுக்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் இருக்காது, அரசுப் போக்குவரத்துக் கழகமே தன் நிதியிலிருந்து தரவேண்டும். காரைக்குடி மண்டலப் பஸ் என்றால் எதிர்மனுதாரர் கும்பகோணம் கோட்டத்தின் நிர்வாக இயக்குநர். பஸ்ஸும் லாரியும் மோதியிருந்தால் இரண்டு தரப்பையும் சேர்த்துவிடுங்கள். யார்மேல் எத்தனை பங்கு தப்பு என்பது அவர்கள் தகராறு, பயணி முழுத்தொகையையும் யாரிடமும் கேட்கலாம்.

இனி பணக்கணக்கு. ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் ஓடு) தயாரிக்கிற ஒருவர், வயது 38, வலது மணிக்கட்டு முறிந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊனத்தை அளந்து சான்றிதழ் தரும் மருத்துவக் குழு அந்தக் கைக்கு 30 சதவீதம் ஊனம் என்கிறது. வெறும் சான்றிதழை மட்டும் நீட்டினால், ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று பெருக்கி 1,50,000 கொடுத்து முடித்துவிட வாய்ப்புண்டு. இதே ஆள், கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கரண்டியால் வண்ணக்கலவை ஊற்றும்போது மணிக்கட்டு எப்படித் திரும்பவேண்டும், ஈரக்கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் இறக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதைச் சாட்சியமாகச் சொல்லி, பட்டறை முதலாளியையும் கூண்டில் ஏற்றினால் கதை வேறு. உடல் ஊனம் வேறு, அதனால் சம்பாதிக்கும் திறன் குறைவது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சம்பாத்தியத் திறன் 20 சதவீதம் போனதாகத் தீர்ப்பாயம் ஏற்றால், மாதம் 15,000 வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 21,000. அதைப் 12-ஆல் பெருக்கி, 38 வயதுக்கான பெருக்கு எண் 15-ஆல் பெருக்கி, அதில் 20 சதவீதம் எடுத்தால் 7,56,000. அதே கைதான், அதே முறிவுதான்.

வயது இங்கே காசு. 36 முதல் 40 வரை பெருக்கு எண் 15, 41 ஆனால் 14. 40 ஆனாலே எதிர்கால உயர்வும் 25 சதவீதமாக இறங்கும். ஏ.ஆர். காப்பியில் டாக்டர் குத்துமதிப்பாக 45 என்று போட்டிருந்தால் பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றையோ தேடி எடுங்கள்.

இதற்கு மேல் வலி வேதனை, மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், போக்குவரத்து, கூடுதல் சத்துணவு, உடனிருந்தவர் செலவு எல்லாம் தனித்தனித் தலைப்பு. பில் ஒரிஜினலாக வேண்டும். "ஆச்சி வீட்டில்தானே இருக்காங்க, வருமானம் ஏது?" என்று மனுவில் வருமானக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். வீட்டு வேலைக்கும் ஒரு வருமானம் கணக்கிட வேண்டும் என்பது கோர்ட் ஒப்புக்கொண்ட விஷயம். முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறவர் என்றால், சரக்கு எடுக்கும் கடைக்காரரின் ஒரு கடிதமும் உதவும்.

மருத்துவக் குழுவின் முன் போகும்போது முதல்நாள் எக்ஸ்ரேயையும் புதிதாக எடுத்ததையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளப்பார்கள். வலியை மறைத்து வீரம் காட்டாதீர்கள், நடிக்கவும் செய்யாதீர்கள். நடிப்பை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லும் சதவீதம் அந்தக் கைக்கா, முழு உடம்புக்கா என்று சான்றிதழில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

"ஜெயிச்சா இத்தனை சதவீதம்" என்று வக்கீல் ஃபீஸ் பேசுவது ஊரறிந்த பழக்கம். பார் கவுன்சில் விதிப்படி அது கூடாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால் சீக்கிரம் முடியும், ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைமேல் அப்பீல் கிடையாது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அங்கே போங்கள்.

தீர்ப்பு வந்த பிறகும் கழகம் பணம் கட்டாமல் இழுத்தால் நிறைவேற்று மனுப் போடவேண்டும். பஸ் ஸ்டாண்டில் கோர்ட் அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்கிற செய்தியை அடிக்கடி படிக்கிறோமே, அது இந்தக் கட்டம். மனுப் போட்ட நாளிலிருந்து, பெரும்பாலும் 7.5 சதவீதம், வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.