நீலத்தாளைக் கடித்த நாள்

"இரவில் பல்லைக் கடிக்கிறீர்களா?" என்று பல் மருத்துவர் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. டொராண்டோ வந்து நான்கு வருடம். காலையில் தாடை வலிப்பது குளிரால்தான் என்று நினைத்திருந்தேன். பெரியவர்களின் வழக்கமான பல் வைத்தியம் ஒன்டாரியோ அரசுக் காப்பீட்டில் வராது என்பதால், வேலையில் காப்பீடு கிடைக்கும்வரை தள்ளிப்போட்டும் வந்தேன்.

ஊரில் வலிக்கிற பல்லைக் காட்டுவோம். பிடுங்குவார்கள் அல்லது அடைப்பார்கள். இங்கே பல்லைப் பார்க்கும் முன்பே காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். இடப்பக்கம் 'டிக்' என்றது. திறப்பை அளந்தார்: 36 மில்லிமீட்டர். 40-க்கு மேல் வர வேண்டுமாம். நம் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் நுழைய வேண்டும், அதுதான் கணக்கு. பிறகு மேல்வரிசை நடுக்கோடு கீழ்வரிசையோடு நேராக இருக்கிறதா, மேலேயுள்ள முதல் கடைவாய்ப்பல்லின் முன்முனை கீழ்ப்பல்லின் பள்ளத்தில் உட்காருகிறதா என்று கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தார். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-இல் வகுத்த முறை, இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

அப்புறம் பல் படும் இடத்தில் நிறம் ஒட்டும் மெல்லிய நீலத்தாளைப் பல்லிடுக்கில் வைத்து "தட்டுங்கள்" என்றார். சிவப்புத்தாளை வைத்து "பக்கவாட்டில் அரையுங்கள்" என்றார். கண்ணாடியில் காட்டினார்: ஒரே ஒரு கடைவாய்ப்பல்லில் திட்டாக நீலம், அதைச் சுற்றிச் சிவப்புக் கோடுகள். முனைகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம். பகலில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் ராத்திரி தாடை அரைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"கடினமாக என்ன சாப்பிடுவீர்கள்?" என்றார். கரும்பு என்றேன். "பல்லாலேயா உரிப்பீர்கள்?" அவர் கண் விரிந்ததைப் பார்த்து இருவருமே சிரித்துவிட்டோம். கணுவுக்குக் கணு கடித்து இழுத்து, சக்கையைத் திண்ணையோரம் துப்பி, ஆச்சியிடம் திட்டு வாங்கிய கதையை அந்த நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னேன்.

இரவில் போட்டுக்கொள்ள ஒரு பல் கவசம் செய்து கொடுத்தார்கள். இப்போது காலையில் வலி இல்லை. இந்த ஊர் பழகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தை பிறந்ததும் ஸ்கார்பரோ தமிழ்க் கடை வாசலில் கரும்பு சாத்தியிருந்தது. கையால் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டு, இனி கரும்பு கடிக்கக் கூடாதாம் என்றேன்.

கொஞ்ச நேரம் அம்மா பேசவில்லை. "நறுக்கித் தாரேன், வாயேன்" என்றாள்.