அவுட் ஆனவன் உட்காரும் இடம்

மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து படித்த எங்களுக்கு, நம் பள்ளி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பின்புறம் இருந்த செம்மண் கபடிக் களம்தான். மண்ணை நனைத்துக் கட்டி உடைப்பது, சுண்ணாம்புக் கோடு இழுப்பது, முழங்கால் சிராய்ப்புக்கு டிஞ்சர் வைப்பது என அனைத்தையும் உடற்கல்வி ஆசிரியரே முன்னின்று செய்வார்.

ஆட்டமிழந்தவனை அவர் நடத்திய விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. கபடியில் அவுட் ஆனவன் ஆட்டத்தை விட்டுப் போய்விடுவதில்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்து, தன் அணி எதிரணியில் ஒருவரை வீழ்த்தியதும், முதலில் போனவன் முதலில் என்ற முறைப்படி மீண்டும் உள்ளே வருகிறான். அப்படி உட்கார்ந்திருப்பவன் தலையைத் தொங்கப்போட அவர் விடமாட்டார். "என்னடா, மேட்ச் முடிஞ்சு போச்சா? பாடி வர்றவன் எந்தக் காலை முன்னால வைக்கிறான்னு பாத்துச் சொல்லு" என்பார். அவமானத்தில் மனம் கொதிக்கும்போது கவனத்தை ஒரு வேலையில் நிறுத்தும் அந்தப் பழக்கத்தை மனநல ஆலோசகர்கள் இன்று பயிற்சியாகவே கற்பிக்கிறார்கள்.

திருமங்கலத்தில் ஒரே புள்ளியில் தோற்ற நாளன்று, எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தந்து, சாப்பிட்டு முடியும்வரை ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று தடை போட்டார். இலையில் சால்னா காய்ந்த பிறகுதான் பேச்சு தொடங்கியது. அப்போதும் அடுத்தவனைக் குறை சொல்லாமல் அவரவர் ஆட்டத்தை மட்டுமே சொல்ல வேண்டும்.

ஆனால் பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஊரில் தேர்வு நெருங்க நெருங்க அந்த நேரம்தான் முதலில் பறிபோகிறது.

விளையாட்டு ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரன் பிளஸ் டூவில் தூக்கமிழந்து, களத்துக்கு வருவதையும் நிறுத்தியபோது, "படிக்கச் சோம்பி நடிக்கிறான்" என்றார்கள். அவனுடைய அப்பத்தா தாயத்துக் கட்டினார். அது மனச்சோர்வு என்றோ, மருத்துவரால் சரிசெய்யக்கூடியது என்றோ எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. கீழே விழுந்தால் எழக் கற்றிருந்த எங்களுக்கு, எழவே முடியாதவனை அடையாளம் காண யாரும் சொல்லித் தந்ததில்லை. சிகிச்சை அவனுக்குப் பல ஆண்டுகள் கழித்தே கிடைத்தது.

சக்கிமங்கலத்து ஓட்டப்பந்தய வீராங்கனை ரேவதி வீரமணி, மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி பெற்று, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் ஓடியதை நம் முன்னாள் மாணவர் சங்கக் கூட்டங்களில் மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகப் பேசுகிறோம். பெற்றோரை இழந்த அவரை வளர்த்த பாட்டியையும், விடாமல் வீட்டாரிடம் பேசி ஓடவைத்த பயிற்சியாளரையும் ஏனோ அந்தப் பேச்சில் விட்டுவிடுகிறோம். தாங்கிப் பிடிக்க ஆளில்லாத பிள்ளையிடம் உறுதியை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியல் 2017 முதல் வெளியிடப்படுவதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைக் களத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதச் செலவு அதிகமாகாது.

இவ்வாண்டு திரட்டும் நிதியில் களத்துக்கு மின்விளக்குகள் அமைக்கலாம் என்று சில உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். விளக்குகள் அடுத்த ஆண்டு வரட்டும். முதலில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுப்போம் என்பது என் வேண்டுகோள். அவருடைய அறை தலைமையாசிரியர் அறையை ஒட்டி இருக்கக் கூடாது; விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். யாராவது பார்த்துக் கேட்டால், பந்து எடுக்க வந்தேன் என்று பையன் சொல்லிக்கொள்ளலாம்.