கறுப்புக் கண்ணாடி வழியே

"ரொம்பக் கிட்ட போகாதீங்க சார்" என்றபடி கறுப்புக் கண்ணாடி பதித்த அட்டையை நீட்டினார் ஆபரேட்டர்.

சிமென்ட் சூளையின் பார்வைத் துளை. உள்ளே நாக்கு நாக்காகத் தீ எல்லாம் இல்லை. குழாய் நிறைய வெளிச்சம்தான். நடுவே சின்னச் சின்னப் பொறிகள் பறந்தன. சில எரிந்து தீராமலே, உருளும் கிளிங்கர் மேல் விழுந்தன. அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டிகள்தான் கிளிங்கர்.

"அதுதான் பிளாஸ்டிக் குப்பை. நிலக்கரித் தூள் மாதிரி சட்டுனு எரியாது. ஈரம் இருந்தா இன்னும் மோசம்."

கிளிங்கர் உருவாக சுமார் 1450 டிகிரி வேண்டும். அவ்வளவு சூட்டை மின்சாரத்தில் கொண்டுவருவது இன்னும் சோதனை அளவில்தான். அதனால்தான் நிலக்கரியைக் குறைக்கக் குப்பை, உமி, பழைய டயர் என்று எரிக்கிறார்கள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சிமென்ட் ஆலை விடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதே இல்லை. சுண்ணாம்புக்கல் வேகும்போது கல்லிலிருந்தே கிளம்புகிறது. எதை எரித்தாலும் அது அப்படியேதான்.

இரும்பின் கதை வேறு. தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கக் கரிக்குப் பதில் ஹைட்ரஜனை விட்டால் வெளியே வருவது நீராவி. ஸ்வீடனில் 2021-லேயே அப்படி எஃகு செய்து காட்டிவிட்டார்கள்.

ஆனால் இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. அதை வாங்கி ஊதினால் புகைபோக்கி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். ஆபரேட்டர் மானிட்டரைப் பார்த்து, "ஈர லோடு வந்திருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே நிலக்கரியைக் கொஞ்சம் ஏற்றினார்.