செஷல்ஸில் பாய்மரப் படகு ஓட்ட எந்த மாதம்?

செஷல்ஸுக்கு மழையைப் பார்த்துத் தேதி குறிப்பதைவிடக் காற்றின் திசையைப் பார்த்துக் குறிப்பதே சரி. மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று, கூடவே மழையும், ஜனவரியில்தான் அதிகம். ஏப்ரலும் அக்டோபர் கடைசியும் இடைக்காலம். தண்ணீர் கண்ணாடிபோல் தெளியும், முக்குளிக்க அருமை; ஆனால் காற்று விழுந்துபோய் எஞ்சினைத்தான் நம்ப வேண்டிவரும்.

பாய் ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால் மே மாதத்தையே சொல்வேன். முக்கியத் தீவான மாஹேயிலிருந்து பிரலாங் (Praslin) தீவு வடகிழக்கே சுமார் 25 கடல்மைல். காற்று பக்கவாட்டில் பிடிக்கும், படகு சுகமாக ஓடும். ஜூலை, ஆகஸ்டில் காற்று 20 நாட் (knot, மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தையும் தாண்டும். 18 தொட்டதுமே பெரிய பாயை ஒரு மடிப்பு சுருக்கிவிடுங்கள். அலை எழும்பிய பிறகு சுருக்குவது பெரும்பாடு.

நங்கூரமிடும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பிரலாங்கில் வடமேற்கைப் பார்த்த ஆன்ஸ் லாசியோ விரிகுடா, தென்கிழக்குக் காற்றில் குளம்போல் கிடக்கும். ஜனவரியில் அதே விரிகுடாவுக்குள் அலை நேராக வரும், இரவு தூங்க முடியாது. 5 மீட்டர் ஆழத்துக்கு 25 மீட்டர் சங்கிலி விடுங்கள். வெளிறிய மணல்திட்டாகப் பார்த்துப் போடுங்கள். கருமையாகத் தெரிந்தால் அது பாறையோ பவளமோ, சங்கிலி சிக்கிக்கொள்ளும்.