வைத்தியசாலை விடுதி நாட்குறிப்பு: இரண்டு நாள் இடைவெளி

2025 மார்ச் 3, திங்கள்

கொழும்பிலிருந்து ஒருவரை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். சம்பூர்க்காரர், வீதி விபத்து. அங்கே அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வாரம் கிடந்திருக்கிறார். காலில் ஆறாத புண், சிறுநீர் போக வைத்த குழாய் வேறு. கூட வந்த கடிதத்தில் எலும்பு முறிந்த விதம் விலாவாரியாக இருக்கிறது. கிருமிப் பரிசோதனை பற்றி ஒரு வரி கிடையாது.

மருந்துக்கு அடங்காத கிருமி இப்படி வருகிறவர்களிடம்தான் அதிகம் ஒட்டிக்கொண்டு வரும். பஞ்சுக்குச்சியை உப்புநீரில் நனைத்து, ஒரே குச்சியால் இரண்டு நாசியின் முன்பக்கத்தையும் உருட்டித் துடைத்தேன். கொரோனாவுக்குச் செய்ததுபோல ஆழமாக விடத் தேவையில்லை. எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெபிலோகொக்கஸ் கிருமி, மூக்கின் வாசலிலேயே குடியிருக்கும். புண்ணுக்கு ஒரு குச்சி, இடுப்பு மடிப்புக்கு ஒன்று. கார்பபெனெம் என்ற வலுவான அன்டிபயோட்டிக்குக்கும் அடங்காத குடற்கிருமிக்காக மலவாசலிலும் ஒன்று. அதற்கு மட்டும் மனிதர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

விடுதியில் தனி அறை ஒன்றுதான், அதிலும் ஆள். "முடிவு வரட்டும், பார்ப்போம்" என்றார் பொறுப்புத் தாதி. முடிவு வர இரண்டு நாள் செல்லும். அதுவரை கிருமி கைகட்டி நிற்குமா? மூலைக் கட்டிலைக் கொடுத்து, கால்மாட்டில் கைதேய்க்கும் திரவப் போத்தலைக் கட்டிவிட்டேன். கையுறை, ஏப்ரன், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாம் அவருக்கென்று தனி.

மார்ச் 4, செவ்வாய்

முழங்கால் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்து வந்த கிண்ணியா நானா ஒருவர் குச்சியைக் கண்டதும் பின்வாங்கினார். "தங்கச்சி, நோன்பு முறியாதா?" மகன் உடனே மௌலவிக்குத் தொலைபேசி எடுத்தான். முறியாது என்று பதில் வந்தபிறகுதான் மூக்கை நீட்டினார். அவருக்கு இது மிக அவசியம். மூட்டுக்குள் உலோகம் வைக்கப்போகிறார்கள். அங்கே இந்தக் கிருமி ஏறினால் இலேசில் இறங்காது.

மார்ச் 5, புதன்

மதியம் ஆய்வுகூடத்துக்குப் போனேன். கிருமி வளர்க்கும் மனிட்டோல் உப்புத் தட்டில் சம்பூர்க்காரரின் மூக்குக் கிருமி மஞ்சளாகப் பூத்திருந்தது. மஞ்சள் மட்டும் போதாது. பத்துப் பேரை எடுத்தால் ஏறத்தாழ மூவரின் மூக்கில் சாதாரண ஸ்டெபிலோகொக்கஸ் இருக்கும். மற்றத் தட்டில்தான் தீர்ப்பு. மருந்துக்கு அடங்கும் கிருமியென்றால், செஃபொக்சிட்டின் என்ற அன்டிபயோட்டிக் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 22 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். இங்கே வில்லையின் விளிம்புவரை வளர்ந்து நெருக்கியிருந்தது. ஆய்வுகூடத் தம்பி அளவுகோலை எடுக்கவே இல்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார். குடற்கிருமிச் சோதனையில் எதுவும் இல்லை, அந்த மட்டில் நிம்மதி.

மார்ச் 6, வியாழன்

தனி அறை காலியாகி, அவரை மாற்றினோம். அதற்குள் விடுதி முழுவதும் கதை பரவிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி போர்வையை உதறி வெயிலில் போட்டார். சம்பூர்க்காரரின் மனைவி வாசலிலேயே நின்று அழுதார்: "மிஸ்ஸி, பிள்ளைகளை இவரிடம் விடலாமா?"

தாராளமாக விடலாம். கிருமி தோலில் தங்குவது வேறு, நோயாவது வேறு. வீட்டில் நலமாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து மிகக் குறைவு. இங்கே புண்ணும் குழாயுமாகக் கிடப்பவர்களுக்குத்தான் அதிகம். அவர்களிடம் அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் எங்கள் கைகள். இதைச் சொன்னபோது எங்கள் சிற்றூழியர் அக்காவின் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

மூக்குக்கு முபிரோசின் களிம்பு, குளிக்கக் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி, ஐந்து நாள். புண் ஆறும்வரை கிருமி முற்றாகப் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

மார்ச் 8, சனி

கூட்டம். வருகிற எல்லோருக்கும் குச்சி போட்டால் என்ன என்று இளம் வைத்தியர் ஒருவர் கேட்டார். நல்ல மனம்தான், ஆனால் தட்டுகளுக்கு யார் பணம் தருவது? இங்கிலாந்து 2009இல் திட்டமிட்ட அனுமதிகளில் தொடங்கி, பிறகு அவசர அனுமதிகளுக்கும் விரித்தது. 2014இல் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குப் போதும் என்று சுருக்கிக்கொண்டது. 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் யாரையும் சோதிக்காமலே எல்லோரையும் குளோர்ஹெக்சிடினால் துடைத்து, மூக்குக்கும் களிம்பு போட்டது, சோதித்துத் தனிமைப்படுத்தியதைவிட நல்ல பலன் தந்தது. எனக்குப் பிடித்தது நெதர்லாந்துக்காரர் வழி: வெளிநாட்டு வைத்தியசாலையிலிருந்து வருகிறவரை முதலில் தனியே வைத்துவிட்டுத்தான் முடிவுக்குக் காத்திருப்பார்கள். எங்களுக்குத் தலைகீழ், முடிவு வந்த பிறகுதான் அறை தேடுகிறோம்.

மார்ச் 11, செவ்வாய்

தாதியர் அனுமதித் தாளில் மூன்று கேள்விகள் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். கடந்த ஓராண்டில் எந்த வைத்தியசாலையிலாவது தங்கினீர்களா? வெளிநாட்டில் சிகிச்சை பெற்றீர்களா? மூதூரிலும் கிண்ணியாவிலும் மத்திய கிழக்குக்குப் போய் வராத வீடு குறைவு. அங்கே சத்திரசிகிச்சை செய்துகொண்டதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. மூன்றாவது, உடம்பில் குழாயோ ஆறாத புண்ணோ உண்டா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் குச்சி, மூலைக் கட்டில், தனிக் கருவிகள், அன்றைக்கே.

கந்தளாயிலிருந்து வருகிறவர்களுக்காகச் சிங்களத்திலும் அடிக்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு வருகிறவரிடம் யார் கேட்பது என்பதில்தான் இன்னும் இழுபறி. இரவுப் பணியில் ஒரு விடுதிக்கு இரண்டு தாதியர். நானும் அந்தப் பட்டியலில் இருக்கிறேன்.