நடுவில் பதினாறு வருடம்

அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட் இறந்தது 2023 ஜூலை 21. எங்கள் ரேடியோவில் மறுநாள் காலைக்கு ஐந்து நிமிட அஞ்சலி கேட்டார்கள். 1962இன் சான் ஃபிரான்சிஸ்கோ பாட்டு, அங்கிருந்து ஒரே தாவலில் 1994 எம்டிவி அன்பிளக்டு என்ற இசைக் கச்சேரி ஆல்பம், மறுவருடம் அதற்குக் கிராமி. முடித்துவிட்டேன். குரல் கொடுக்க வந்த சார் தாளைப் புரட்டிவிட்டு, "நடுவுல மனுஷன் எங்க போனார் தம்பி?" என்றார்.

"நேரம் இல்ல சார்."

எனக்குத் தெரியாமல் இல்லை. ராக் அலையில், காலத்துக்கு ஏற்றதைப் பாடச் சொல்லி அவருடைய ரெக்கார்டு கம்பெனியான கொலம்பியா நெருக்கியது. 1970இல் அப்படி ஒரு ஆல்பம். ரெக்கார்டிங்குக்கு முன் வாந்தி எடுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பீட்டில்ஸின் 'எலினார் ரிக்பி'யைப் பாடாமல் வசனம் போலப் பேசுகிறார். நல்ல குரல்காரர் அப்படிப் பேசுவதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். விற்கவும் இல்லை. கொலம்பியாவை விட்டார், சொந்தமாக ஒரு ரெக்கார்டு கம்பெனி தொடங்கினார், அதுவும் படுத்தது. 1979இல் போதையால் சாவின் விளிம்புவரை போனார். அப்புறம் மகன் டேனி பொறுப்பெடுத்து, 1986இல் அதே கொலம்பியாவில் மறுபடி. டேனி பாட்டையும் மாற்றவில்லை, கோட்டு சூட்டையும் மாற்றவில்லை. அதே ஆளை இளைஞர்கள் முன்னால் நிறுத்தினார், அவ்வளவுதான்.

சரி, இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அஞ்சலியில் வாந்தியும் போதையும் எதற்கு என்று நினைத்தேன். இப்போதும் அது தப்பில்லை என்றுதான் படுகிறது.

ஆனால் இரண்டு மாதம் முன்பு, "கொஞ்சம் வேகமா, இங்கிலீஷ் கலந்து பேசச் சொல்றாங்க சார்" என்று குரல் கொடுக்க வந்த அதே சாரிடம் போய்ச் சொன்னவன் நான். மேலிடத்துச் செய்தி, நான் வெறும் தூது. ஒரு வாரம் "ஹாய் மக்களே" என்று முயன்றார். ஸ்டூடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு காலை நிகழ்ச்சி வேறொருவருக்குப் போனது. அவர் கேட்டது பென்னட்டைப் பற்றி மட்டும்தானா? அப்படியும் இருக்கலாம். பழைய பாட்டென்றால் உயிர் அவருக்கு.

எழுதியதை அப்படியே வாசித்தார். 1962க்கும் 1994க்கும் நடுவில் மட்டும் மூன்று வினாடி நிறுத்தினார். திரையில் ஒலிக்கோடு தட்டையாகக் கிடந்தது. எடிட்டில் அதை வெட்டினேன். மொத்தம் 4 நிமிடம் 20 வினாடி வந்தது.